உடன்வலை: ஃபெடிவர்ஸைத் தமிழில் எப்படிச் சொல்வது?

"உங்கள் வலைப்பூவைப் பரவலாக்கப்பட்ட சமூக வலைதளங்களுடன் ஒருங்கிணைப்பது எப்படி?" இந்த மாதிரித் தலைப்புகளைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. புதிதாகப் படிப்பவருக்கு இதில் என்ன புரியும்? ஊரெல்லாம் பரவிக் கிடக்கும் வலைதளம், அதாவது ஃபேஸ்புக், என்றுதான் புரியும். சொல்ல வந்ததோ அதற்கு நேர் எதிர்.

சொல்ல வந்தது ஃபெடிவர்ஸ்: தனித்தனி வழங்கிகளில் (சர்வர்களில்) ஓடினாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூக வலைதளங்களின் தொகுப்பு. ஃபெடரேஷனையும் யூனிவர்ஸையும் வெட்டி ஒட்டிய பெயர். ஃபெடரேஷனுக்கு வேர் லத்தீனில் உடன்படிக்கையைக் குறிக்கும் சொல். வேர்க்கதை இவ்வளவு போதும்.

இனி, 'டிசென்ட்ரலைஸ்டு' என்பதற்குப் போடும் 'பரவலாக்கப்பட்ட'. 'அதிகாரப் பரவலாக்கம்' நமக்குப் பழகிய தொடர். 1992-இன் 73ஆவது அரசமைப்புத் திருத்தம், ஊராட்சிகள் என்று பேசும்போதெல்லாம் வரும். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குப் பிரித்துக் கொடுப்பது அது. 'ஆக்கப்பட்ட' என்றாலே ஆக்கியவர் ஒருவர் வேண்டும். ஃபெடிவர்ஸில் ட்விட்டர் போல இயங்கும் மென்பொருள் மாஸ்டடான். அதன் வழங்கிகளுக்கு யார் எதைப் பிரித்துக் கொடுத்தார்கள்? 2016-இல் ஆய்கன் ராக்கோ அந்த மென்பொருளை வெளியிட்டார்; விரும்பியவர்கள் தங்கள் கணினியில் நிறுவிக்கொண்டார்கள். கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கணினி வலையமைப்பு ஆய்வாளர் பால் பாரன் 1964-இல் வலையமைப்புகளை மூன்று வகையாக வரைந்து காட்டினார்: ஒரே மையம் உள்ளது, பல மையங்கள் உள்ளது, மையமே இல்லாமல் கண்ணிகள் பின்னிக் கிடப்பது. 'பரவல்' மூன்றாவதற்குத்தான் பொருந்தும். ஃபெடிவர்ஸோ இரண்டாவது வகை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டால், பிறகு வேறுபாட்டைச் சொல்ல வேண்டிய இடத்தில் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்? அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தைப் போடுவார். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

சிலர் 'கூட்டாட்சி வலை' என்கிறார்கள். இது இன்னும் மோசம். "மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி" என்ற முழக்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு, கூட்டாட்சி என்றால் நடுவில் ஓர் அரசு உட்கார்ந்திருக்க வேண்டும். ஈழத்தில் புழங்கும் 'சமஷ்டி'யும் அரசியல் சட்டத்தை விட்டு இறங்கி வராது. 'கூட்டமைப்பு' என்றாலோ தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் துண்டோடு வந்துவிடுவார்கள்.

இங்கே ஆட்சியே கிடையாது. இருப்பது உடன்படிக்கை மட்டும். அதன் பெயர் ஆக்டிவிட்டிபப். 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் வேர்ல்ட் வைட் வெப் கன்சார்ட்டியம் பரிந்துரைத்த நெறிமுறை (புரோட்டோகால்), அதாவது வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதி. உங்கள் வேர்ட்பிரஸ் வலைப்பூவில் அதற்கான செருகுநிரலை (பிளகின்) போட்டால், வலைப்பூவுக்கே மின்னஞ்சல் போல ஒரு முகவரி கிடைக்கும். மாஸ்டடானில் இருப்பவர் அந்த முகவரியைத் தேடிப் பின்தொடரலாம். நீங்கள் எழுதுவது அவர் ஓடையில் (ஃபீட்) வரும். அவர் அங்கே எழுதும் பதில் உங்கள் இடுகைக்குக் கீழே மறுமொழியாக வந்து விழும். வாசகர் உங்கள் தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, நீங்களும் இன்னொரு நிறுவனத்தின் வாசலில் நிற்க வேண்டியதில்லை. இன்னொரு சமூக வலைதளமான ப்ளூஸ்கை பேசுவது வேறு நெறிமுறை என்பதால் நடுவில் பிரிட்ஜி ஃபெட் போன்ற ஒரு பாலம் தேவை. உடன்படிக்கை பிடிக்காவிட்டால் முறித்துக்கொள்ளவும் செய்யலாம்: ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் த்ரெட்ஸ் தளம் இந்தப் பக்கம் வந்தபோது பல வழங்கிகள் அதற்குக் கதவடைத்தன. கூட்டாட்சியில் இப்படிக் கதவடைத்தால் அதற்குப் பெயரே வேறு!

ஆகவே நான் முன்வைப்பது 'உடன்வலை'. உடன்படிக்கையில் உள்ள அதே உடன். வலைப்பூவில் உள்ள அதே வலை. வேற்றுமை உருபு ஒட்டினாலும் நாக்கு தடுக்காது: உடன்வலையில், உடன்வலைக்கு. "உடன் என்றால் உடனே என்று ஆகிவிடாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். உடன்பிறப்பை யாரும் 'உடனே பிறந்தவன்' என்று எடுத்துக்கொள்வதில்லையே. இது பிடிக்காதவர்கள் 'ஃபெடிவர்ஸ்' என்றே எழுதட்டும், எனக்குச் சண்டையில்லை. தவறான தமிழைவிடத் தெளிவான இரவல் மேல்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். மாஸ்டடான் வழங்கி ஒவ்வொன்றையும் 'நிகழ்வு' என்று எழுதுவதை நிறுத்துங்கள். ஆங்கிலத்தில் அந்த வழங்கியை 'இன்ஸ்டன்ஸ்' என்பார்கள்; அதை அகராதியில் தேடி, முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்ட வேலை அது. 'வழங்கி' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. "உங்கள் நிகழ்வைத் தேர்ந்தெடுக்கவும்" என்று கேட்டால் கல்யாணமா காதுகுத்தா என்றுதானே மனிதர் யோசிப்பார்?