கதம்பைத் தூளும் இறால் ஓடும்

குமரி மாவட்டத்தில் கதம்பைக்கு, அதாவது தேங்காய் மட்டைக்கு, பஞ்சமில்லை. தும்பு பிரித்தபின் மிஞ்சும் பழுப்புத் தூள் ஆலை ஓரங்களில் குவிந்து கிடக்கும். அது சாயத் தண்ணீரை வெளுக்கவைப்பதை ஒரு கண்ணாடி டம்ளரிலேயே பார்த்துவிடலாம்.

வளர்ப்பு மீன் கடையில் மெத்திலீன் நீலம் என்று ஒரு மருந்து விற்கிறார்கள். அதுவும் சாயம்தான். டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு, ஒரு கரண்டி தூளைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால் நீலம் மெல்ல வெளிறும். தூளை முதலிலேயே நாலைந்து தடவை அலசிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீலம் போன இடத்தில் கட்டன்சாயா நிறம் வந்து நிற்கும், கதம்பைக் கறை அப்படி.

சரி, நீலம் எங்கே போனது? தூளின் பரப்பில் ஒட்டிக்கொண்டது. பாடப்புத்தகத்தில் இதற்குப் பரப்பு கவர்தல் என்று பெயர். கதம்பையின் லிக்னினும் செல்லுலோஸும் தண்ணீரில் எதிர்மின் சுமை பெறுகின்றன, மெத்திலீன் நீலத்துக்கோ நேர்மின் சுமை. பரப்பு கூடினால் பிடிப்பும் கூடும். தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, கடும் சூட்டில் நீராவி செலுத்தினால் உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் திறக்கும். அப்படிப்பட்ட கரி ஒரு கிராமில் 1000 சதுர மீட்டர் வரை பரப்பு இருக்கும். நம் கணக்கில் சுமார் 25 சென்ட்!

ஆனால் திருப்பூரில் பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களுக்கு எதிர்மின் சுமை. பதப்படுத்தாத கதம்பைத் தூள் அவற்றைத் தள்ளிவிடும். அங்கே கைகொடுப்பது இறால் ஓடு. ஓட்டிலுள்ள கைட்டினைக் கைட்டோசானாக மாற்றினால், சற்றே அமிலமான தண்ணீரில் அது நேர்மின் சுமை பெற்று இந்தச் சாயங்களைப் பிடிக்கும். மாற்றுவதற்கு அமிலமும் சூடான காஸ்டிக் சோடாவும் தேவை. இயற்கைப் பொருள் என்று பெருமைப்படும்போது இதையும் கணக்கில் சேர்ப்பதுதான் நியாயம்.

அப்புறம் உப்பு. ரியாக்டிவ் சாயம் துணியில் ஏறுவதற்கு உப்பை அள்ளிப் போடுகிறார்கள். தூளும் கரியும் அதைத் தொடுவதில்லை. நொய்யல் ஆற்றையும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கியதில் இந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. தெளிந்த தண்ணீர்தானே என்று பயிருக்குப் பாய்ச்ச முடியாது. உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. போன்ற சவ்வு வடிகட்டி வேண்டும்.

டம்ளரின் அடியில் நீலத் தூள் தங்கியிருக்குமே, அதைத் தென்னை மூட்டில் கொட்டிவிடாதீர்கள். சாயம் இன்னும் அதில்தான் இருக்கிறது. மழைத் தண்ணீர் பட்டால் கொஞ்சம் திரும்பவும் கசியும்.