2 ஆம்பியர் அடாப்டர் ரௌட்டரை எரித்துவிடுமா?

"12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் புகைந்துபோனது. கடைக்காரர் 12 வோல்ட், 2 ஆம்பியர் கொடுத்திருக்கிறார். ரௌட்டர் எரிந்துவிடாதா? அதோடு, இது பஞ்சு மாதிரி லேசாக இருக்கிறதே, போலியா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

எரியாது. 2 ஆம்பியர் என்பது அடாப்டரால் தர முடிந்த உச்சம்; எவ்வளவு இழுப்பது என்பது ரௌட்டரின் வேலை. வோல்ட் மாறக் கூடாது. வெளியீடு டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) என்று இருக்கிறதா, பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா, அது பழையதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது கேள்விதான். பழைய அடாப்டரில் 230 வோல்ட் ஏசியை (திசை மாறி மாறி ஓடும் வீட்டு மின்சாரத்தை) இரும்பு மின்மாற்றி இறக்கும். நான்கு டயோடுகள் திசையை ஒன்றாக்கும். மின்தேக்கி மேடுபள்ளத்தை நிரவும். பள்ளிப் பாடம்தான். புதியதில் வரிசையே வேறு. டயோடுகள் முதலில் வந்துவிடும். மின்தேக்கியில் ஏறக்குறைய 325 வோல்ட் டிசி சேரும். அதை மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்ச் வினாடிக்குச் சுமார் 65,000 தடவை வெட்டி, சின்ன மின்மாற்றிக்குள் அனுப்பும். மறுபுறம் இன்னொரு டயோடு, மீண்டும் டிசி.

நேராக்கியதை ஏன் மறுபடி துண்டாட வேண்டும்? மின்மாற்றி மின்சாரத்தின் ஒவ்வொரு அலையிலும் கொஞ்சம் ஆற்றலைத்தான் அக்கரை சேர்க்கிறது. வீட்டு ஏசியைப் போல வினாடிக்கு 50 நடை மட்டும் போகிறவருக்குப் பெரிய குடம் வேண்டும். 65,000 நடை ஓடுகிறவருக்கு ஒரு கரண்டி போதும்! அந்தக் கரண்டிதான் உங்கள் கையில் லேசாக இருக்கிறது. இத்தனை வேகத்தில் இரும்பு உள்ளகம் சுழல் மின்னோட்டத்தால் கொதித்துவிடும்; அதனால் மின்சாரத்தை எளிதில் கடத்தாத, பீங்கான் போன்ற ஃபெரைட் வைக்கிறார்கள். இரண்டு பக்கமும் மின்சாரத்தால் தொட்டுக்கொள்ளக் கூடாது; அதனால் 12 வோல்ட் கூடிவிட்டதா என்ற சேதிகூடக் கம்பி வழியாகத் திரும்பாது. ஒரு குட்டி எல்ஈடி ஒளிர, எதிரே இருக்கும் உணரி அதைப் பார்த்து மாஸ்ஃபெட்டை அடக்கும். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அழகு.

ஆக, 'கனமாக இருந்தால் ஒரிஜினல்' என்பது மூடநம்பிக்கை. 325 வோல்ட் பக்கத்துக்கும் உங்கள் விரலுக்கும் நடுவே இருப்பது அந்த மின்மாற்றியின் காப்பும் சில மில்லிமீட்டர் இடைவெளியும்தான். மட்டமான அடாப்டரில் காசு மிச்சப்படுத்துவது அங்கேதான். ஐம்பது நூறு ரூபாய்க்காக அதில் சமரசம் செய்வதை என்னால் ஏற்க முடியாது. உறையில் ஐஎஸ் 13252 போன்ற தர எண்ணும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். அந்தப் பதிவு எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர் வராவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.