பிறஷர் ஏத்தினால் ஒழுக்கு நிற்காது

போன கிழமை லண்டன் ஹரோவில் ஹீற்றிங் திருத்தப் போன ஒரு வீடு. கதவைத் திறந்த அம்மா, "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ தம்பி" என்று கேட்டபடியே மேல் அறைக்குக் கூட்டிப்போனார். சுவரில் பூட்டிய, அறையைச் சூடாக்கும் ரேடியேற்றருக்குக் கீழே ஒரு ஐஸ்கிரீம் பெட்டி. அதற்குள் மை கரைத்துவிட்டதுபோலக் கறுத்த தண்ணீர்.

"எத்தினை நாளா ஒழுகுது அம்மா?"

"தீபாவளிக்குப் பிறகு கண்டது. பெட்டி நிரம்ப ஒரு கிழமை எடுக்கும், நான் ஊத்திப்போடுவன்."

"பொய்லரில பிறஷர் இறங்குமே?"

"அது மகன் ஞாயிற்றுக்கிழமையில ஏத்திவிடுவான்." பெருமையாகத்தான் சொன்னார்.

தைப்பொங்கலும் போய் மாசியும் முடியப்போகிறது. நாலு மாதம்! வெம்பிளி, டூட்டிங், ஈஸ்ட்ஹாம் என்று இந்தக் குளிருக்குள் நான் ஏறி இறங்கிய எத்தனையோ வீடுகளில் இதே பதில்தான். ஒழுக்கு என்றால் கீழே ஒரு பாத்திரம், பிறஷர் இறங்கினால் பொய்லருக்குக் கீழே உள்ள குழாயைத் திருகி ஏற்றுவது. இரண்டும் சேர்ந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்புத்தான் ரேடியேற்றரைத் தின்கிறது.

பொறுமையாகச் சொல்கிறேன். இன்று பெரும்பாலான வீடுகளில் இருப்பது, ஹீற்றிங்குக்கும் குளிக்கவும் ஒன்றே தண்ணீரைச் சூடாக்கும் கொம்பி பொய்லர். அதன் ஹீற்றிங் தண்ணீர், நீங்கள் குளிக்கிற தண்ணீர் அல்ல. அது மூடிய சுற்று. ஒருமுறை நிரப்பிய அதே தண்ணீர்தான் வருடக்கணக்கில் பொய்லருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நிரப்பிய புதிதில் தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் உள் இரும்பைக் கொஞ்சம் துருப்பிடிக்க வைக்கும். பிறகு ஒட்சிசன் தீர்ந்துவிடும், துருவும் அநேகமாக அடங்கிவிடும். அதற்குமேல் காவலுக்குத்தான் துருத்தடுப்பு மருந்து ஊற்றுகிறோம். இப்போது நீங்கள் கிழமைக்கொருமுறை புதுத் தண்ணீர் விடுகிறீர்கள். அதோடு புது ஒட்சிசனும் போகிறது, மருந்தும் ஐதாகிறது. ஊறுகாய்ப் போத்தலுக்குள் ஈரக் கரண்டி விட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் வீடுகளில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இதுவும் அப்படித்தான். ரேடியேற்றர் தகடு ஒரு மில்லிமீற்றர் சொச்சம்தான் தடிப்பு. ஓர் ஓட்டையைச் சமாளிக்க ஏற்றிய தண்ணீர், மற்ற அறைகளில் அடுத்த ஓட்டைகளைத் தயார்செய்கிறது. அரித்த கறுப்புச் சேறு போய்ப் பம்பிலும் பொய்லரின் குறுகிய வழிகளிலும் அடைக்கும்.

வருடத்தில் ஒன்றிரண்டு தடவை ஏற்றினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ரேடியேற்றரில் சேர்ந்த காற்றை வெளியே எடுத்தால் பிறஷர் கொஞ்சம் இறங்குவது வழமை. ஹீற்றிங் ஆறியிருக்கும்போது பொய்லரின் பிறஷர் முள் 1க்கும் 1.5 பாருக்கும் இடையில் நின்றால் போதும். கிழமைக்குக் கிழமை இறங்குகிறதா? தண்ணீர் எங்கேயோ போகிறது, அதைத் தேடுங்கள். இன்னும் சிலர் ஏற்றிவிட்டு நிரப்பும் வால்வை இறுக்கிப் பூட்ட மறந்துவிடுவார்கள். 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் உள்ள செப்புக் குழாயால் தண்ணீர் கொட்டும். "பொய்லரும் ஒழுகுது" என்று அடுத்த போன் எனக்கு வரும்.

கூரைக்குக் கீழ் லொஃப்டில் ஹீற்றிங்குக்குச் சின்னத் தாங்கி வைத்த பழைய வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே முள்ளும் இல்லை. மிதவை வால்வு உங்களைக் கேளாமலே நிரப்பிக்கொண்டிருக்கும்.

ஒழுக்கைக் கண்டால் முதலில் ஹீற்றிங்கை நிறுத்தி ஆறவிடுங்கள். சுடுதண்ணீரோடு விளையாட வேண்டாம். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ரிஷு பேப்பரை ஒவ்வோர் இடமாக ஒற்றிப் பாருங்கள்: வால்வின் தண்டு, வால்வும் ரேடியேற்றரும் சேரும் நட்டு, கீழே குழாய் ஏறும் இடம், காற்றெடுக்கும் திருகு, அடிப்பக்க விளிம்பு. நட்டில் என்றால் கால் சுற்று இறுக்கினாலே சிலவேளை நின்றுவிடும். ஆனால் இரண்டு ஸ்பானர் வேண்டும். ஒன்றால் வால்வை அசையாமல் பிடிக்காவிட்டால் தரைக்குள் போகும் குழாய் முறுகி, கீழ்வீட்டுக் கூரைக்கும் சேர்த்து வேலை வரும். தகட்டிலேயே ஓட்டை என்றால் ரேடியேற்றரை மாற்றத்தான் வேண்டும். பெயின்ற் அடிக்காதீர்கள், பசை அப்பாதீர்கள். அடைக்கிற மருந்துப் போத்தலை ஊற்றுவதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. அரித்த தகட்டுக்கு அது எத்தனை நாள் தாங்கும்?

ரேடியேற்றரைத் தனியாகப் பூட்ட, ஒரு முனையில் உள்ள வால்வின் இலக்கம் போட்ட தலையை மட்டும் திருகினால் போதாது. அந்தப் பக்கம் பூட்டினாலும் மறுபக்கத்தால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். மறுமுனையில் வெறும் பிளாஸ்ரிக் மூடி போட்ட வால்வு ஒன்று இருக்கும். மூடியை இழுத்துக் கழற்றி, சின்ன ஸ்பானரால் வலஞ்சுழியாகப் பூட்டுங்கள். எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள், திரும்பத் திறக்கும்போது அதே அளவு வேண்டும். இரண்டும் பூட்டினால் மற்ற அறைகளுக்கு ஹீற்றிங் போடலாம். ஒழுகுவது வால்வுக்குக் கீழே, குழாயில் என்றால் இது உதவாது, ஆளைக் கூப்பிடுங்கள். குசினி சிங்குக்குக் கீழே மெயினைப் பூட்டிவிட்டு "ஏன் இன்னும் ஒழுகுது" என்று கேட்பவர்களுக்கு: மூடிய சுற்று, மேலே சொன்னேன்.

கீழ் அறையின் லைற்றால் தண்ணீர் சொட்டினால் சுவிச்சைத் தொடாதீர்கள். ஃபியூஸ் பெட்டிக்குப் போய் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

வாடகைக்கு இருக்கிறீர்களா? இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர்-வாடகையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, குறுகியகால வாடகை வீடுகளில் ஹீற்றிங்கைத் திருத்திக் கொடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. வீட்டுக்காரர் எங்கட ஆள், மனம் நோவார் என்று வாய் மூடி இருக்க வேண்டாம். படம் எடுத்து எழுத்தில் அனுப்புங்கள். சொந்த வீடென்றால், பல காப்புறுதிகள் திடீரென உடைந்ததற்குத்தான் காசு தரும், மாதக்கணக்கில் ஊறியதற்கு அல்ல. ஐஸ்கிரீம் பெட்டி அங்கே உங்களுக்கு எதிரான சாட்சி.

ரேடியேற்றர் மாற்ற, காஸ் வேலை செய்பவர்களுக்கான காஸ் சேஃப் பதிவு தேவையில்லை. பொய்லரின் காஸ் பகுதியில் கை வைக்க அது கட்டாயம். பதிவு அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள், அந்த ஆளுக்கு எந்த வேலைக்கு அனுமதி என்று அங்கேதான் இருக்கும். இன்னமும் "கோர்கி இருக்கா" என்று கேட்பவர்கள் உண்டு. காஸ் சேஃபுக்கு முன்பிருந்த அந்தப் பதிவு 2009 ஏப்ரலோடு போய்விட்டது.

ஹரோ வீட்டில் ஒன்றுக்கு மூன்று ரேடியேற்றர் மாற்ற வேண்டி வந்தது. கழுவி, மருந்து ஊற்றி, திகதியைப் பொய்லரில் எழுதி ஒட்டினேன். பொய்லருக்குத் தண்ணீர் நிரப்பும் பின்னல் குழாயைக் கழற்றி இரண்டு பக்கமும் மூடி போட்டேன். முறைப்படி அது எப்போதும் கழன்றுதான் இருக்க வேண்டும். குழாயை அம்மாவின் கையில் கொடுத்து, "மகன் கேட்டா, முதல்ல எனக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கோ" என்றேன்.