மாணவர் ஆய்வுக்கு நல்ல கேள்வியை அமைப்பது எப்படி?

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வு செய்ய முன்வரும் பள்ளி மாணவர்களுக்கு வழிகாட்டி வரும் அனுபவத்தில் சொல்வதானால், பெரும்பாலான குழுக்கள் தடுமாறுவது கேள்வியை எழுதும் இடத்தில்தான். "டெங்கு ஒழிப்பு: ஓர் ஆய்வு" என்று தலைப்போடு வருவார்கள். தலைப்பில் குறையொன்றும் இல்லை. ஆனால் நாளைக் காலை எந்தத் தெருவுக்குப் போய் எதை எண்ணப்போகிறீர்கள் என்று கேட்டால் பதில் வராது. அப்படியே விட்டால், இணையத்தில் கிடைத்ததைத் தொகுத்து, நிலவேம்புச் செடியின் படம் ஒன்றை ஒட்டி, அழகான சார்ட் செய்து முடித்துவிடுவார்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு, பெரும்பாலும் வீடுகளில் பிடித்து வைத்த தண்ணீரில் பெருகுகிறது. முட்டை கொசுவாக மாறுவதற்குச் சாதகமான சூழலில் ஏறத்தாழ 8 முதல் 10 நாட்கள் போதும். குழாயில் தண்ணீர் வரும் இடைவெளி கூடக்கூட வீட்டில் குடமும் டிரம்மும் பெருகும் என்பதை மாணவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், "தினமும் தண்ணீர் வரும் தெருவைவிட வாரம் ஒருமுறை வரும் தெருவில் கொசுப்புழு அதிகமா?" என்ற கேள்வி பிறக்கிறது. இதற்கு 'ஆம்' என்ற பதில் உறுதியில்லை என்பதே இதன் பலம். வாரம் ஒருமுறை தண்ணீர் பிடிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் டிரம்மைத் தேய்த்துக் கழுவக்கூடும்; தினமும் தண்ணீர் வரும் வீட்டிலோ சிமெண்ட் தொட்டி மாதக்கணக்கில் கழுவப்படாமல் கிடக்கலாம்.

அடுத்து, 'அதிகம்' என்பதை எந்தக் கணக்கில் சொல்வது? தண்ணீர் உள்ள பாத்திரங்களில் நூற்றுக்கு எத்தனையில் புழு உள்ளது என்பது பாத்திரக் குறியீடு. நூறு வீடுகளுக்குப் புழு உள்ள பாத்திரங்கள் எத்தனை என்பது பிரெட்டோ குறியீடு. தலா 20 வீடுகள் கொண்ட இரு தெருக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 100 பாத்திரங்களில் 10லும், மற்றதில் 40 பாத்திரங்களில் 4லும் புழு இருந்தால், பாத்திரக் குறியீடு இரண்டிலும் 10தான். பிரெட்டோ குறியீடோ முதல் தெருவில் 50, இரண்டாவதில் 20. நம் கேள்வி சேமிப்புப் பழக்கத்தைப் பற்றியது என்பதால் பிரெட்டோ குறியீடே பொருந்தும் என்பது என் கருத்து. இந்த முடிவைக் கணக்கெடுப்புக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பிறகு எடுத்தால் நமக்குப் பிடித்த விடையைத் தரும் குறியீட்டின் பக்கம் மனம் சாய்ந்துவிடும்.

இரண்டு தெருக்களையும் ஒரே வாரத்தில் பார்க்க வேண்டும்; நடுவில் மழை பெய்தால் ஒப்பீடு கெட்டுவிடும். "டெங்குக் காய்ச்சல் கூடுகிறதா?" என்று கேள்வியை நீட்டவும் கூடாது. நோயாளிகளின் விவரம் மாணவர்கள் கைக்கு வராது. புழு இருப்பதை வைத்து மட்டும் காய்ச்சலைப் பற்றிச் சொல்லிவிடவும் முடியாது. (நடுவர்கள் முதலில் பிடிக்கும் இடமும் இதுவே.)

கேள்வியை இறுதி செய்யும் முன் ஐந்து வீடுகளில் வெள்ளோட்டம் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை என்று யாரும் எதிர்பாராதவை அகப்படும். இவற்றையும் பாத்திரமாக எண்ணுவதா, குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்தவற்றை மட்டுமா என்று குழு விவாதித்து, அந்த வரையறையைக் கேள்விக்குள்ளேயே எழுதிவிட்டால், கணக்கெடுப்பைத் தொடங்கலாம்.