கன்னத்தைத் தட்டினால் தண்ணீர்

வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் எங்கள் இடத்தில் இரண்டரை வயதுப் பையன். பேச்சு வரவில்லை. பயிற்சி நேரத்தில் தாகம் எடுத்தால் கன்னத்தை இரண்டு முறை தட்டுவான். அதைப் புரிந்துகொள்ள அவனுடைய தெரபிஸ்டுக்கு ஏழு வாரம் ஆனது. பிறகு அவர் வேலையை விட்டுப் போனார். புதிதாக வந்தவர் அது வெறும் கைப்பழக்கம் என்று நினைத்து, தட்டும்போதெல்லாம் கையை மெல்ல இறக்கிவிட்டார். சில நாளில் பையன் தட்டுவதையே விட்டுவிட்டான்.

குறிப்பேட்டில் எழுதவில்லையா என்று கேட்பீர்கள். ‘சைகையால் கேட்கிறான்’ என்று எழுதியிருந்தது. எந்தச் சைகை என்பது போனவருக்குத்தான் தெரியும்.

வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளுடன் வேலை செய்பவர் விலகினால், வேறு ஆளைப் போட்டுவிடலாம். ஆனால் குழந்தை முதலிலிருந்து பழக வேண்டும். அம்மா பிரசவத்தில் தொடங்கி முழுக்கதையையும் மறுபடி சொல்ல வேண்டும். மூளை வேகமாக வளரும் முதல் மூன்று வருடத்துக்குள் இது இரண்டு தடவை நடந்தால் எத்தனை மாதம் வீணாகும்!

போனவரைப் போனில் அழைத்தேன். கன்னம் தட்டுவதன் பொருள் அப்போதுதான் தெரிந்தது. ஏன் போனார் என்றும் கேட்டேன். சம்பளத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “ரெக்கார்ட் முடிஞ்சுதான்னு தினமும் கேட்டீங்க மேடம். உள்ளே என்ன நடந்துச்சுன்னு ஒருநாள்கூடக் கேட்கல” என்றார்.

கடைசி மாதங்களில் அவரிடம் பழைய கலகலப்பு இல்லை. அசட்டை என்று எடுத்துக்கொண்டேன். பணிச்சோர்வுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அடையாளங்கள் மூன்று: ஓயாத களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகுவது, தன்னால் எதுவும் ஆகவில்லை என்ற எண்ணம். அதை நோயாக அது சொல்லவில்லை. சரியாகக் கையாளாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றது. எங்கள் வேலையில் மூன்றாவது சீக்கிரம் வந்துவிடும். ஒரு குழந்தை விரல் நீட்டிக் காட்டவே ஆறு மாதம் ஆகலாம். தினமும் பக்கத்தில் இருப்பவருக்கு அந்த மாற்றம் கண்ணில் படாது.

இப்போது பெற்றோர் சம்மதத்துடன் மாதம் ஒருமுறை சின்ன வீடியோ எடுக்கிறோம். முதல் மாதத்தையும் இந்த மாதத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்ப்போம். சில நாள் யாராவது கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அப்புறம், வாரம் அரைமணி நேரம் ஃபைல் இல்லாத பேச்சு. குழந்தை கடித்தது, அப்பா கத்தியது எல்லாம் அங்கே வரும். ஒவ்வொரு குழந்தையையும் இரண்டு பேருக்காவது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம்.

சரி, சம்பளம்? இவை எதுவும் அதற்கு ஈடாகாது. ‘இது சேவை’ என்று சொல்லியே அந்தப் பேச்சைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன்.

பையனுக்கு இப்போது நான்கு வயது. தண்ணீர் வேண்டுமென்றால் பட அட்டையை எடுத்து நீட்டுகிறான். கன்னத்தைத் தட்டுவது திரும்ப வரவில்லை.