ஹைபிரிட் வயலில் அறுத்த நெல்லை விதைக்கு வைக்கலாமா?

கந்தப்பளையில் கோவா போடுகிறவருக்கு ஹைபிரிட் விதை புதிதல்ல. ஒவ்வொரு முறையும் பக்கெட் வாங்குவார், கோவாவில் விதை பிடிக்க நினைக்கவே மாட்டார். வெலிமடை, வலப்பனைப் பக்கம் நெல் செய்கிறவர்களுக்கு அப்படியில்லை, அறுத்த நெல்லே விதைநெல். அதனால் ஹைபிரிட் பேச்சை எடுத்தாலே, "நல்லா விளைஞ்சா அதையே அடுத்த போகத்துக்கு வச்சா என்ன சேர்?" என்று கேட்பார்கள்.

வைக்காதீர்கள். விதைக் கம்பனி விற்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, காரணம் நெல்லுக்குள்ளேயே இருக்கிறது.

நெற்பூ தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டிக்கொள்ளும். பெருமளவில் ஹைபிரிட் என்ற கலப்பு விதை எடுக்க, மகரந்தம் செத்த தாய்ச்செடி வேண்டும். 1970இல் சீனாவின் ஹைனான் தீவில் நெல் விஞ்ஞானி யுவான் லாங்பிங்கின் குழு அப்படியொரு காட்டு நெல்லைக் கண்டது. அதன் குறை இழைமணியில், அதாவது கலத்துக்குச் சக்தி தரும் மைட்டோகொண்ட்ரியாவில். அங்குள்ள டபிள்யூஏ352 என்ற பரம்பரை அலகின் புரதம், மகரந்தத்துக்கு ஊட்டம் தரும் உட்படையை நேரத்துக்கு முன்பே சாகடித்துவிடும். இழைமணி தாய் வழியாகவே வருவதால் எல்லா விதைக்கும் குறை போய்ச்சேரும். கோவாவில் இலையைத்தானே வெட்டுகிறோம், அங்கே இது பொருட்டல்ல. நெல்லிலோ வயல் முழுக்கப் பதர்தான் மிஞ்சும்.

ஆகவே தந்தைச்செடி, வளத்தை மீட்கும் அலகுகளைக் கொண்டுவர வேண்டும். முக்கியமானவை இரண்டு: 1ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) ஆர்எஃப்3, 10ஆம் நிறமூர்த்தத்தில் ஆர்எஃப்4. பின்னதற்கே பலம் அதிகம். இவை குறையைத் தீர்ப்பதில்லை, வாயைக் கட்டி வைக்கின்றன, அவ்வளவுதான். ஆட்சியுடையவை என்பதால் ஒரு பிரதி இருந்தாலே முதல் தலைமுறை முழுதும் விளையும்.

சரி, அந்த நெல்லை விதைத்தால்? மீட்கும் அலகுகள் பிரிந்து போகும், தாயின் இழைமணி மட்டும் எல்லாச் செடியிலும் அப்படியே நிற்கும். ஓரலகை மட்டும் நம்பிய இனமென்றால் நான்கில் ஒரு செடி மலடு. இரண்டும் சேர்ந்திருந்தால் முழு மலடு குறையும், ஆனால் அரைகுறையாய் நிரம்பிய கதிர்கள் நிறைய வரும். உயரமும் முதிர்ச்சியும் செடிக்குச் செடி மாறும்.

மலையகத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கும் குடலைப் பருவத்தில் கடும் குளிர் விழுந்தால் சாதாரண நெல்லும் பதராகும். வயலில் இறங்கிப் பாருங்கள். குளிர் தாக்கினால் ஒரே பருவத்தில் நின்ற பகுதி முழுக்க வெளிறித் தெரியும். மரபுக் குறையென்றால் நிரம்பிய பயிருக்குப் பக்கத்திலேயே ஒரு பயிர் வெறும் பதராய் நெட்டுக்கு நிற்கும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், பூக்குமுன் ஒரு கதிரிலிருந்து மகரந்தக்கூட்டை எடுத்து, 1 சதவீத அயடீன் கரைசலில் நசுக்கி நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டியே போதும். நல்ல மகரந்த மணி உருண்டையாய்க் கருநீலம் ஏறும். மலட்டு மணி மாப்பொருள் இல்லாமல் சுருங்கி, மங்கிய மஞ்சளாகவே கிடக்கும்.

புதிதாய் வாங்கிய பக்கெட்டிலேயே இப்படித் தனித்தனிப் பதர்ச்செடிகள் வந்தால், மலட்டுத் தாய் வரிசையின் விதை அதில் கலந்திருக்கலாம். பக்கெட்டின் லேபிளையும் ரசீதையும் வைத்துக்கொண்டு, அறுப்புக்கு முன்பே உங்கள் விவசாயப் போதனாசிரியரை வயலுக்குக் கூப்பிடுங்கள். அறுத்த பிறகு வந்தால் எந்தச் செடி என்று காட்ட எதுவும் இருக்காது.