டிரையத்லானுக்கு வாரத்துல எத்தனை நாள் நீந்தணும்?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் அடுத்தடுத்து முடிக்கிற ரேஸ்தான் டிரையத்லான். அதுக்கு பேர் கொடுத்துட்டு பயிற்சி ஆரம்பிக்கிறவங்க கிட்ட இருந்து வர்ற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். ஓட்டம்னா ஷூ போட்டதும் வாசல்லயே ஆரம்பிச்சிடலாம், சைக்கிளை வீட்டுக்குள்ளயே டிரெயினர்ங்கிற ஸ்டாண்ட்ல மாட்டி மிதிக்கலாம், ஆனா நீச்சலுக்கு பூல் திறந்திருக்கிற நேரம் பாக்கணும், கிளம்பிப் போகணும், துணி மாத்தணும், குளிக்கணும், திரும்பி வரணும், அரை மணி நேரம் நீந்துறதுக்கு ஒன்றரை மணி நேரம் ஓடிப்போயிடும். அதனால நிறைய பேர் ஞாயித்துக்கிழமை ஒரே நாள் போய் ரெண்டு மணி நேரம் மொத்தமா நீந்திட்டு வந்துடுறாங்க. நானும் முதல் வருஷம் அப்படித்தான் பண்ணேன், ஆறு மாசம் ஆகியும் 100 மீட்டருக்கு ரெண்டரை நிமிஷம்ங்கிறது அசையவே இல்ல. அப்புறம் அதே ரெண்டு மணி நேரத்தை 40 நிமிஷமா மூணு நாளைக்குப் பிரிச்சேன், ரெண்டே மாசத்துல 2 நிமிஷம் 10 செகண்டுக்கு வந்துடுச்சு. மொத்த நேரம் ஒரு நிமிஷம்கூட கூடல. ஏன் இப்படி நடக்குதுன்னு தேடிப் படிச்சதுல தெரிஞ்சதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல தண்ணியைப் பத்தி. தண்ணி காத்தை விட சுமார் 800 மடங்கு அடர்த்தி. நாம வேகத்தைக் கூட்டக் கூட்ட தண்ணியோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதுக்குத் தேவையான பவர் கிட்டத்தட்ட வேகத்தோட மும்மடியில (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். அதாவது 10 சதவீதம் வேகமா போகணும்னா 33 சதவீதம் அதிக பவர் வேணும். நெஞ்சு வலிக்க உடற்பயிற்சி பண்ணி இதயத்தையும் நுரையீரலையும் அவ்வளவு ஏத்துறது ரொம்பக் கஷ்டம், ஆனா தண்ணியோட எதிர்ப்பைக் குறைக்கிறது முடியுற காரியம். நுரையீரல்ல காத்து இருக்கறதால மார்பு மிதக்கும், காலும் இடுப்பும் கனம்ங்கிறதால கீழ இறங்கும், மூச்செடுக்கத் தலையைத் தூக்கினா இன்னும் இறங்கும், அப்போ நாம சாய்ஞ்ச பலகை மாதிரி தண்ணியைத் தள்ளிக்கிட்டுப் போறோம். தலையை இறக்கி உடம்பை நேரா வெச்சாலே பாதி சண்டை முடிஞ்சது.

இன்னொரு பக்கம் கை. ஓடும்போது தரையைத் தள்றோம், தரை நகராது. தண்ணியைத் தள்ளினா அது பின்னாடி ஓடிடும், அப்படி ஓடுற தண்ணிக்குக் கொடுத்த சக்தி நமக்கு வீண். கை கொடுக்கிற பவர்ல எவ்வளவு நம்மளை முன்னாடி கொண்டுபோகுதுங்கிறதை நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் ஹுப் டூசான் 1990ல அளந்து பாத்தார். போட்டி நீச்சல்காரங்களுக்கு அது 61 சதவீதம், டிரையத்லான்காரங்களுக்கு 44 சதவீதம். ரெண்டு பேருமே நல்ல உடல்தகுதி உள்ளவங்கதான், இஞ்சின்ல குறை இல்ல, கைதான் தண்ணியைப் பிடிக்காம நழுவவிடுது. எனக்கு இந்த விஷயத்துலயே முக்கியமான எண் இதுதான், ஏன்னா நம்ம பிரச்சனை மூச்சு, தசை எல்லாத்தையும் விட பழக்கம்னு இது சொல்லுது, மிருதங்கமோ டைப்பிங்கோ கத்துக்கிற மாதிரி.

டைப்பிங்னு சொன்னதும் ஒரு பழைய ஆராய்ச்சி ஞாபகம் வருது. பிரிட்டன்ல தபால்காரங்களுக்கு கீபோர்ட் அடிக்கக் கத்துக்கொடுக்க வேண்டி வந்துச்சு, ஆலன் பாட்லி, லாங்மேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அவங்களை நாலு குழுவா பிரிச்சு பாத்து 1978ல எழுதினாங்க. ஒரு குழுவுக்கு தினம் ஒரு மணி நேரம் மட்டும், இன்னொரு கடைசியில ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ரெண்டு ரெண்டு மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் உக்காந்தவங்கதான் மொத்தத்துல கம்மியான மணி நேரத்துல கத்துக்கிட்டாங்க, நாலு மணி நேரக் குழுவுக்குத்தான் அதிக மணி நேரம் பிடிச்சுது. ஆனா ஒண்ணு, நாள் கணக்குல பாத்தா ஒரு மணி நேரக் குழு லேட்டா முடிச்சாங்க, அதனால அவங்களுக்குத்தான் திருப்தியும் கம்மி! நாம ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் நீந்திட்டு வெளிய வரும்போது உடம்பு அசந்து மனசு நிறைஞ்சிருக்கும், 35 நிமிஷம் நீந்தின செவ்வாய்க்கிழமை ஒண்ணுமே பண்ணாத மாதிரி இருக்கும், அந்த உணர்வை நம்பி முடிவெடுத்தா ஏமாந்துடுவோம்.

ஒரு புது அசைவைப் பழகும்போது நினைச்சதுக்கும் நடந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை வெச்சு சிறுமூளை அடுத்த அசைவைத் திருத்தும். அந்தத் திருத்தம் பூல்லயே முழுசா பதிஞ்சிடாது, பயிற்சி முடிஞ்ச பிறகு வர்ற மணி நேரங்கள்லயும் தூக்கத்துலயும் உறுதியாகும். மூணு நாள் நீந்தினா மூணு தடவை அந்த வேலை நடக்கும், ஒரே நாள்னா ஒரு தடவைதான். அதோட களைப்பு வேற இருக்கு. 25 மீட்டருக்கு 22 ஸ்ட்ரோக், அதாவது கை வீச்சுன்னு வெச்சுக்குங்க, 2000 மீட்டர் நீந்தினா 1760, அதாவது ஒவ்வொரு தோளுக்கும் 880 தடவை. கடைசிப் பாதியில முதுகுத் தசை ஓஞ்சு முழங்கை கீழ விழுந்துடும், நாம அந்தத் தப்பான வீச்சையே நூத்துக்கணக்குல பழகிட்டு வீட்டுக்கு வருவோம், தோள்பட்டை வலியும் பெரும்பாலும் அங்கதான் ஆரம்பிக்கும்.

நீச்சல் ஒரு தடவை கத்துக்கிட்டா சாகுற வரைக்கும் மறக்காதுன்னு ஊர்ல சொல்வாங்க. கிணத்துல சுரைக்குடுக்கை கட்டிக் கத்துக்கிட்டவங்க 40 வருஷம் கழிச்சுக் குதிச்சாலும் மூழ்க மாட்டாங்க, அது உண்மைதான். மறந்துபோறது நுணுக்கம். நீச்சல்காரங்க இதை ‘தண்ணி கையில நிக்கல’ன்னு சொல்வாங்க, உள்ளங்கைலயும் முன்னங்கைலயும் தண்ணியோட அழுத்தத்தை உணர்ந்து கோணத்தை மாத்துற திறமை பத்து நாள் விட்டாலே மழுங்குது. 1987ல நியூஃபர், காஸ்டில்ங்கிற ஆராய்ச்சியாளர்களோட குழு 24 போட்டி நீச்சல்காரங்களை வெச்சு நாலு வாரம் ஒரு சோதனை பண்ணாங்க, எட்டு பேர் வாரம் மூணு தடவை, எட்டு பேர் ஒரு தடவை, எட்டு பேர் சுத்தமா நீந்தல. நாலு வாரம் கழிச்சு அதே 200 கெஜம் நீந்தினப்போ ரத்தத்துல லாக்டேட் (தசை கடுமையா உழைக்கும்போது சேர்ற பொருள், எவ்வளவு சிரமப்பட்டு நீந்தினாங்கன்னு அது காட்டும்) ஏறினது மூணு தடவைக்காரங்களுக்குக் குறைச்சல், ஒரு தடவைக்காரங்களுக்கு அதை விட அதிகம், நீந்தாதவங்களுக்கு ரொம்ப அதிகம். வருஷக்கணக்கா நீந்தினவங்களுக்கே இப்படின்னா முப்பது வயசுக்கு மேல ஃப்ரீஸ்டைல் கத்துக்கிற நமக்கு வாரம் ஒண்ணு எப்படிப் போதும்?

சரி, அப்போ எத்தனை? பெரியவங்களாகி நீச்சல் கத்துக்கிட்டவங்களுக்கு மூணு. ரெண்டுன்னா இருக்கிறதைக் காப்பாத்தலாம், முன்னேற்றம் மெதுவா வரும். நீச்சல்தான் ரொம்ப பலவீனம்னா ரேஸுக்கு இன்னும் நிறைய நாள் இருக்கும்போதே ஆறுல இருந்து எட்டு வாரம், வாரத்துக்கு நாலஞ்சு தடவை சின்னச் சின்னதா நீந்தி ஸ்ட்ரோக்கைச் சரி பண்ணிட்டு மறுபடி மூணுக்கு வரலாம், எனக்கு இந்த வழி மேல நிறைய நம்பிக்கை இருக்கு.

அப்போ வருஷம் முழுக்க ஆறு நாள் ஏன் நீந்தக்கூடாதுன்னு கேட்டா, அதுக்கு ரேஸ் கணக்கு பாக்கணும். 2019ல இருந்து கோவா மிராமர் பீச்ல நடக்குற அயர்ன்மேன் 70.3ங்கிற டிரையத்லானை எடுத்துக்குங்க, கடல்ல 1.9 கிலோமீட்டர், அப்புறம் சைக்கிள் 90, ஓட்டம் 21.1. நூறு மீட்டருக்கு ரெண்டரை நிமிஷம்னா நீச்சல் 47 நிமிஷம் 30 செகண்ட், 2 நிமிஷம் 10 செகண்ட்னா 41 நிமிஷம் 10 செகண்ட், மிச்சம் ஆறு நிமிஷம் சொச்சம். சைக்கிள்ல 25 கிலோமீட்டர் வேகத்துல இருந்து 27க்கு வந்தா 16 நிமிஷம் மிச்சம். அதனால மூணு நாளுக்கு மேல கிடைக்கிற நேரத்தை சைக்கிளுக்குக் கொடுக்கறதுதான் லாபம். நீச்சல்ல நமக்கு வேண்டியது மூச்சு வாங்காம, கால் வலிக்காம கரையேறி சைக்கிள் கிட்ட போறது, அந்த ஆறு நிமிஷத்தை விட அதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. ஒலிம்பிக் அளவுல ஓடுற புரொஃபஷனல்கள் கதை வேற, அங்க சைக்கிள்ல ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் ஒட்டிக் காத்தை மறைச்சுக்கிட்டு போகலாம், முதல் கூட்டத்தோட கரையேறாதவங்க அந்தக் கூட்டத்தைத் திரும்பப் பிடிக்கறது பெரும்பாடு, அதனாலதான் அவங்க கிட்டத்தட்ட தினமும் நீந்துறாங்க.

மூணு நாளையும் ஒரே மாதிரி நீந்தாதீங்க. ஒரு நாள் டிரில்லும் (ஸ்ட்ரோக்கோட ஒரு பகுதியை மட்டும் தனியா பழகுறது) 50 மீட்டர் துண்டுகளும், ஸ்ட்ரோக் எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சதும் நின்னு மூச்சு வாங்கிட்டு மறுபடி போகணும். ஒரு நாள் 100, 200 மீட்டர் துண்டுகளா கொஞ்சம் வேகத்தோட. ஒரு நாள் நிக்காம நீளமா. ரேஸுக்கு ஆறு வாரம் இருக்கும்போது இந்த மூணாவதை முடிஞ்ச வரைக்கும் கடல்லயோ ஏரியிலயோ வெச்சுக்கணும், பூல்ல ஒவ்வொரு 25 மீட்டருக்கும் சுவரைத் தள்ளி கொஞ்சம் ஓசி வேகம் கிடைக்குது, கடல்ல அது கிடையாது, தலை தூக்கி திசை பாக்கணும், அலை வாய்க்குள்ள வரும். தனியா மட்டும் இறங்காதீங்க, கூட நீந்தத் தெரிஞ்சவங்களும் கலர் மிதவையும் கட்டாயம் இருக்கணும்.

ரெண்டு நாள்தான் முடியும்னா சனி ஞாயிறு அடுத்தடுத்து வைக்காம செவ்வாய், வெள்ளி மாதிரி இடைவெளி விட்டு வைங்க. ஆபீஸ் லேட்டாகி பூல் மூட 25 நிமிஷம்தான் இருக்குன்னாலும் திரும்பிப் போயிடாதீங்க, இறங்கி எட்டே எட்டு 50 மீட்டர், தலை கீழ, முழங்கை மேல, அவ்வளவு நீந்திட்டு ஏறிடுங்க.